உத்தேச வருமானம்: விபத்து இழப்பீட்டில் ஏழைக் குடும்பம் தோற்கும் இடம்

சாலை விபத்தில் ஒருவர் இறந்துபோனால் அவர் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதைக் கணக்கிட இந்தியாவில் ஒரு சூத்திரம் இருக்கிறது. 2009 ஏப்ரலில் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வகுத்தது. 2017 அக்டோபரில் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அதைச் செப்பனிட்டது. இறந்தவரின் மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் ஆக்க வேண்டும். நாற்பது வயதுக்கு உட்பட்ட நிரந்தர ஊழியராக இருந்தால், உயிரோடு இருந்திருந்தால் சம்பளம் ஏறியிருக்குமே என்று 50 விழுக்காடு கூட்ட வேண்டும். சொந்தத் தொழில் செய்தவர், நிரந்தரமில்லாத வேலையில் இருந்தவர் என்றால் 40 விழுக்காடு. தனக்கென்று செலவழித்திருக்கக்கூடிய பங்கை, அவரை நம்பியிருந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து, மூன்றில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ ஐந்தில் ஒன்றாகவோ கழிக்க வேண்டும். மிஞ்சும் தொகையை வயதுக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். இருபது வயதுக்காரருக்குப் பெருக்கெண் 18. அது படிப்படியாக இறங்கி அறுபத்தைந்தைத் தாண்டியவருக்கு 5 ஆகிறது. இறுதிச் சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை என்று சில நிலையான தொகைகளும் சேரும். தீர்ப்பாயத்துக்குத் தீர்ப்பாயம் தொகை மாறிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். எந்த ஊர் நீதிபதி போட்டாலும் கணக்கு ஒன்றுபோல வரும், முதல் எண் ஒன்றாக இருக்கும்வரை.

அந்த முதல் எண்தான் இந்தக் கட்டுரையின் பொருள். முப்பத்திரண்டு வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய் என்று நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். வாரக்கூலி சனிக்கிழமை மாலை கையில் வரும்; மாதத்துக்கு 18,000 ரூபாய் தேறும் என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டு கிடையாது, வங்கியில் வரவு கிடையாது, வருமான வரிக் கணக்கும் கிடையாது. மேஸ்திரி சாட்சி சொல்ல வந்தாலும் அவர் கையில் பதிவேடு இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் ஆவணம் எங்கே என்று கேட்கிறார். தீர்ப்பாயம் உத்தேச வருமானமாக 9,000 ரூபாய் எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு 1,08,000, நாற்பது விழுக்காடு கூட்டினால் 1,51,200, நான்கில் ஒரு பங்கு கழித்தால் 1,13,400, அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16ஆல் பெருக்கினால் 18,14,400. உண்மையான வருமானத்தை எடுத்திருந்தால் 36,28,800 வந்திருக்கும். மாத வருமானத்தில் ஓர் ஆயிரம் ரூபாயைக் குறைத்து எழுதினாலே அந்தக் குடும்பம் 2,01,600 ரூபாயை இழக்கிறது. சூத்திரத்தின் மற்ற உறுப்புகள் எல்லாவற்றுக்கும் உச்ச நீதிமன்றம் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. அத்தனையையும் தாங்கி நிற்கும் முதல் எண்ணை மட்டும், ஆவணம் இல்லாதவர்கள் விஷயத்தில், தனித்தனி நீதிபதிகளின் ஊகத்துக்கு விட்டிருக்கிறது. அந்த ஊகம் பெரும்பாலும் கீழ்நோக்கியே சாய்ந்து வந்திருக்கிறது. மாநில அரசு நிர்ணயித்த, திறன்பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலியே எந்த மரணத்துக்கும் முதல் எண்ணின் அடித்தளமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே யாரையும் மதிப்பிடக் கூடாது. அதற்கு மேலே சம்பாதித்தவர்களின் குடும்பம் அதை நிரூபித்துக் கூடுதலாகப் பெறலாம். இதுவே என் வாதம்.

வருமானத்தை வைத்து மரணத்தை அளக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது இங்கே உதவும். 1808இல் இங்கிலாந்தில் பேக்கர் எதிர் போல்டன் என்ற வழக்கு நடந்தது. குதிரைவண்டி கவிழ்ந்ததில் அடிபட்ட மனைவி ஒரு மாதம் கழித்து இறந்தார். கணவர் வழக்குத் தொடுத்தார். மனைவி படுக்கையில் கிடந்த அந்த ஒரு மாதத்துக்குத்தான் கணவர் இழப்பீடு கேட்கலாம், அவர் இறந்த பிறகான இழப்புக்குக் கேட்க முடியாது, மனித மரணத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு தீங்காக முறையிட இயலாது என்று எல்லன்பரோ பிரபு தீர்ப்பளித்தார். காயப்படுத்தியவன் பணம் கட்ட வேண்டும், கொன்றுவிட்டவன் கட்ட வேண்டியதில்லை என்ற இந்த விநோத நிலை, ரயில் விபத்துகள் பெருகிய காலத்தில் தாங்க முடியாததாகி, 1846இல் கேம்பல் பிரபுவின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. அதைப் பின்பற்றிய இந்திய மரண விபத்துச் சட்டம் 1855இல் 13ஆவது சட்டமாக இயற்றப்பட்டது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கு அது வழக்குரிமை கொடுத்தது. ஆனால் அந்த மரபில் இழப்பு என்றால் பண இழப்பு என்ற பொருளே வேரூன்றியது. துயரத்துக்கு விலை இல்லை, வருமானத்துக்கு உண்டு. வருமானம் இல்லாதவர் இறந்தால் என்ன இழப்பு என்ற கேள்விக்கு அந்த மரபில் விடையே இல்லாமல் போனது அன்று தொடங்கியதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் கேள்விக்கு 1994இல் ஒரு விடை தந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காத ஒருவரின் உத்தேச வருமானம் ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வைத்தது. சம்பாதிக்காத மனைவிக்கோ, சம்பாதிக்கும் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அட்டவணையில் கூட்டல் பெருக்கல் பிழைகளே இருந்தன என்பதை 1996இலேயே உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. காலத்துக்கேற்பத் திருத்துங்கள் என்று 2013இல் மத்திய அரசுக்கு உத்தரவும் இட்டது. 2018 மே மாதத்தில்தான் அட்டவணை மாற்றப்பட்டது. இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு மேலாக அரிசி விலையும் கூலியும் எத்தனையோ மடங்கு ஏறியபோது, வேலைக்குப் போகாத பெண்ணின், பள்ளிக்குப் போகும் பிள்ளையின் ஆண்டு மதிப்பு சட்டப் புத்தகத்தில் 15,000 ரூபாயாகவே நின்றது. பல நீதிபதிகள் மனம் ஒப்பாமல் அதைத் தாண்டிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் கருணை உள்ள நீதிபதியிடம் வழக்கு போய்ச் சேர்வது உரிமை ஆகாது.

இல்லத்தரசிகளின் மரணத்தில் இந்தக் குழப்பம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பாலையின் நிறுவனர் நாள் விழாவில் பந்தல் தீப்பற்றி 60 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். லதா வாத்வா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் பணிகளுக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பு வைத்தது. அன்றைக்கு அது துணிச்சலான முடிவு. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இடம்பெற்ற அமர்வு, வீட்டுவேலையின் பொருளாதார மதிப்பை விரிவாக ஆராய்ந்து ஒரு தீர்ப்பு எழுதியது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை எடுத்தாண்டது. அந்த 2010 வழக்கில் கீழே இருந்த தீர்ப்பாயம் செய்ததைக் கவனிக்க வேண்டும்: அட்டவணைப்படி, கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக் கணக்குப் போட்டு ஆறு லட்சம் என்று கண்டுவிட்டு, இறந்தவர் சம்பாதிக்கவில்லையே என்ற காரணத்தால் அதை இரண்டரை லட்சமாகக் குறைத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் ஆறு லட்சத்தை மீட்டுக் கொடுத்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், சிறைக்கைதிகள் ஆகியோரோடு ஒரே வகையில் சேர்த்து உழைக்காதவர்கள் என்று வகைப்படுத்தியதை நீதிபதி கங்குலி அந்தத் தீர்ப்பில் கடுமையாகச் சாடினார்.

ஆனால் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற விதியைக் கொஞ்சம் உற்றுப்பார்த்தால் அதன் அநியாயம் புரியும். அதன்படி அதிகாரியின் மனைவி கொத்தனாரின் மனைவியைவிடப் பல மடங்கு மதிப்புள்ளவர். வேலைக்காரி, மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் உள்ள வீட்டில் நடக்கும் வேலைக்குக் கூடுதல் மதிப்பு. தெருக் குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, மாமியாரையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டவளின் வேலைக்குக் குறைந்த மதிப்பு. வேலையின் அளவுக்கும் இந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் நீதிபதி என்.வி. ரமணா தனியாக எழுதிய கருத்துரையில் இரண்டு தரவுகளைக் காட்டினார். 2011 கணக்கெடுப்பில் சுமார் 15.98 கோடிப் பெண்கள் வீட்டுவேலையே தங்கள் முதன்மை வேலை என்று சொன்னார்கள். ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் சுமார் 57.9 லட்சம் பேர்தான். 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டுப் பணிகளுக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். இவ்வளவு வெளிச்சம் விழுந்த பிறகும், 2006இல் நடந்த ஒரு விபத்தின் வழக்கு 2024 பிப்ரவரிவரை இழுத்து, இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலித் தொழிலாளியின் வருமானத்தைவிடக் குறைவாக எப்படி எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்தது. பதினெட்டு ஆண்டு கழித்து அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஆறு லட்சம். தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கினால் அரசு வகுத்த விலை உண்டு. தன் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கியவள் இறந்தால் மட்டும் அந்த விலையை எடுத்துப் போடத் தீர்ப்பாயம் ஏன் தயங்க வேண்டும்? வேலைக்குப் போகும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். சித்தாள் வேலைக்குப் போய்வந்து வீட்டிலும் உலை வைத்தவள் இறந்தால், கூலி மட்டும் கணக்கில் வருகிறது. வீட்டு உழைப்பு கணக்கிலேயே ஏறுவதில்லை.

குழந்தைகளின் வழக்குகளில் எண்கள் இன்னும் தாறுமாறாக இருக்கின்றன. பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் மரணத்தில் 2013இல் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 30,000 ரூபாயை உத்தேச வருமானமாக எடுத்தது. எட்டு ஆண்டு கழித்து, 2021இல், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் மரணத்தில் 25,000 ரூபாயை எடுத்தது. மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து என்ன ஆகியிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் நீதிமன்றங்கள் எதைக் கொண்டு நிரப்பின என்பதில்தான் சிக்கல். ஜாம்ஷெட்பூர் வழக்கில் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை கிடைத்ததற்கு ஒரு காரணம், ஊழியரின் பிள்ளைகளில் ஒருவருக்கு வேலை தரும் வழக்கம் அந்த ஆலையில் இருந்தது. 1995இல் பியாஸ் ஆற்றில் பள்ளிச் சுற்றுலாவின்போது மூழ்கிய 14 மாணவர்களின் குடும்பங்களுக்குத் தலா ஐந்து லட்சத்தை 2001இல் உறுதிசெய்தபோது, அவர்கள் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் என்பதும் கணக்கில் வந்தது. 1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் தீப்பிடித்து 59 பேர் இறந்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், பால்கனி டிக்கெட் வாங்கியவர்களின் மாத வருமானம் குறைந்தது 15,000 இருக்கும் என்று ஊகித்து, இருபது வயதைத் தாண்டியவர்களுக்கு 18 லட்சமும் மற்றவர்களுக்கு 15 லட்சமும் கொடுத்தது. அந்த ஊகத்தை ஏற்காத உச்ச நீதிமன்றம் 2011இல் அதைப் பத்து லட்சமாகவும் ஏழரை லட்சமாகவும் குறைத்தது. அப்பாவின் வேலை, பள்ளியின் கட்டணம், டிக்கெட்டின் விலை. ஆதாரம் இல்லாத இடத்தில் ஊகம் எதைப் பற்றிக்கொள்கிறது என்று பாருங்கள். எல்லாமே குடும்பம் ஏற்கெனவே எந்த வர்க்கத்தில் இருந்தது என்பதன் அடையாளங்கள்.

இந்த இடத்தில் 2025 செப்டம்பர் தீர்ப்பு ஒன்று மிக முக்கியமானது. குஜராத்தில் விபத்தில் சிக்கி ஊனமுற்ற ஒரு சிறுவனின் வழக்கு அது. குழந்தையைச் சம்பாதிக்காதவர் என்ற பட்டியலில் போடக் கூடாது, அந்த மாநிலத்தில் திறன்பெற்ற தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை அவன் வருமானமாக எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த 8.65 லட்சம் 35.90 லட்சமாக உயர்ந்தது. குறைந்தபட்சக் கூலி விவரத்தை மனுதாரர் தாக்கல் செய்யாவிட்டால் காப்பீட்டு நிறுவனமே தாக்கல் செய்ய வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒரு சிறுவனுக்கு இது நியாயம் என்றால் அவன் அம்மாவுக்கும், அவன் வீட்டுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனாருக்கும் நியாயம் ஆகாதா? சட்டம் இப்போது ஒரு வினோதமான நிலையில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பையனுக்குத் திறன்பெற்ற தொழிலாளியின் கூலி; பத்தாண்டு திறன்பெற்ற தொழிலாளியாகவே வேலை செய்து இறந்தவருக்கு, ஆவணம் இல்லாத காரணத்தால், நீதிபதி ஊகிக்கும் தொகை. வருமானச் சான்று இல்லாத லாரி ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலி ஓர் அளவுகோலாகலாம், ஆனால் அதுவே முடிந்த முடிவு ஆகாது என்றது. இதை மேல்நோக்கிப் படித்தால் சரி: அதிகம் சம்பாதித்தவரைக் குறைந்தபட்சக் கூலியில் கட்டிப்போடக் கூடாது. கீழ்நோக்கிப் படிக்க இடம் இருக்கக் கூடாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது கொள்கை சார்ந்த மறுப்பு. இழப்பீடு என்பது உயிரின் விலை அல்ல. இறந்தவர் இருந்திருந்தால் குடும்பம் எந்த நிலையில் இருந்திருக்குமோ அந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவதே நோக்கம். குறைவாகச் சம்பாதித்தவரின் குடும்பத்துக்குக் குறைவாகக் கொடுப்பது பாகுபாடு ஆகாது, அது கணக்கு. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். எல்லா மரணத்துக்கும் ஒரே தொகை என்று நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களுக்கான நிதியை நிர்வகித்த கென்னத் ஃபெய்ன்பெர்க், சட்டம் சொன்னபடி வருமானத்தைக் கணக்கிட்டு, ஒரு குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் டாலரும் இன்னொரு குடும்பத்துக்கு எழுபது லட்சம் டாலருக்கு மேலும் வழங்கினார். பிறகு, அனைவருக்கும் ஒரே தொகையே கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதினார். பொதுப் பணத்திலிருந்து வழங்கும் நிதிக்கு அது பொருந்தலாம். தவறு செய்த தரப்பின் காப்பீடு கொடுக்கும் இழப்பீட்டில், அதிகம் சம்பாதித்தவரின் குடும்பம் வாங்கிய வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் உண்மையான இழப்புகளே. ஆனால் இந்த வாதம் கணக்கு சரியாக இருக்கும் இடத்தில்தான் செல்லும். கொத்தனாரின் குடும்பத்துக்குக் குறைவாகக் கிடைப்பது அவர் குறைவாகச் சம்பாதித்ததால் மட்டும் அல்ல. அவர் சம்பாதித்ததை எழுதிவைக்க யாரும் இல்லாததாலும்தான். கூலிக்குச் சீட்டு கொடுக்கும் கடமை அவரை வேலைக்கு வைத்தவருடையது. அதைச் செய்யவைக்கும் கடமை அரசுடையது. இருவரும் தவறிய கடமைக்கான தண்டத்தை விதவையிடம் வசூலிப்பதைக் கணக்கு என்று சொல்ல முடியாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது சட்டப்படி குற்றம். அப்படியிருக்க, ஒருவர் அதற்கும் கீழே வாங்கியிருப்பார் என்று ஊகிக்கும் தீர்ப்பாயம், வேலை கொடுத்தவர் சட்டத்தை மீறியிருப்பார் என்று ஊகித்து, அதன் பலனை வண்டி ஓட்டிக் கொன்றவரின் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறது.

ஆதாரம் கேட்காமல் அடித்தளத் தொகை கொடுத்தால் மோசடி பெருகும் என்பது காப்பீட்டுத் துறையின் பழைய மறுப்பு. மோசடிகள் நடக்கின்றன, மறுப்பதற்கில்லை. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகளை விசாரிக்க உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015இல் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த மோசடிகளின் சாரம் வேறு இடத்தில் இருக்கிறது: நடக்காத விபத்து, சம்பந்தமில்லாத வண்டி, காப்பீடு உள்ள வண்டியை நுழைப்பதற்காக மாற்றிய ஓட்டுநர். வருமானத்துக்கு அடித்தளம் வைப்பதால் இவற்றில் ஒன்றுகூட எளிதாகாது. வருமானத்தில் நடக்கும் பொய், நண்பரின் கடையிலிருந்து வாங்கிவரும் சம்பளச் சான்றிதழ்தான். உண்மையைச் சொன்னால் தீர்ப்பாயம் நம்பாது என்று தெரிந்த குடும்பம்தான் அந்தப் பொய்த்தாளைத் தேடிப் போகிறது. சட்டமே ஒரு நியாயமான அடித்தளத்தைக் கொடுத்துவிட்டால் அந்தத் தாளுக்குத் தேவை குறையும். காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் புலனாய்வை விபத்து உண்மையா என்ற கேள்வியில் குவிக்கலாம்.

பிரீமியம் ஏறும் என்பார்கள். ஓரளவு ஏறலாம். மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தை மத்திய அரசுதான் நிர்ணயிக்கிறது, ஆகவே அது கண்காணிப்பில்லாமல் எகிறிவிடாது. அதைவிட முக்கியம், இழப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது என்பது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர், உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடி. இறந்தவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள், அதாவது குடும்பத்தைத் தாங்கும் வயதினர். இவர்களின் இழப்பைக் கோடிக்கணக்கான வண்டி உரிமையாளர்கள் ஆளுக்குச் சில ரூபாயாகச் சுமப்பதா, பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் பதினைந்து வயது மகன் சுமப்பதா என்பதே கேள்வி. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியபோதே இந்தக் கேள்விக்கு நாடாளுமன்றம் விடை சொல்லிவிட்டது.

குறைந்தபட்சக் கூலி மாநிலத்துக்கு மாநிலம், தொழிலுக்குத் தொழில் மாறுகிறதே, எதை எடுப்பது என்பது நடைமுறைச் சிக்கல்தான். விபத்து நடந்த மாநிலத்தின் திறன்பெற்ற பிரிவை எடுக்கலாம் என்று 2025 தீர்ப்பு வழி காட்டிவிட்டது. என்னைக் கேட்டால் விபத்து நடந்த நாளின் கூலியைவிடத் தீர்ப்பு வழங்கும் நாளின் கூலியை எடுப்பதே சரி. பத்தாண்டு, பதினைந்தாண்டு இழுக்கும் வழக்குகளில் மனுத் தேதியிலிருந்து கொடுக்கும் தனிவட்டி, விலைவாசியின் வேகத்தை எட்டிப் பிடிப்பதில்லை. ஒரே அளவு தொகை என்பது இந்த நாட்டுச் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. ரயில் விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு, அவர் குளிர்சாதனப் பெட்டியில் வந்தாலும் பொதுப் பெட்டியில் வந்தாலும், 2017 ஜனவரி முதல் எட்டு லட்சம். கழிவுநீர்க் குழியில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு 2014இல் பத்து லட்சம் என்று வைத்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 164ஆம் பிரிவு, ஓட்டுநரின் தவறை நிரூபிக்காமலே மரணத்துக்கு ஐந்து லட்சம் தருகிறது. வருமானத்தைக் கேட்காமல் தொகை கொடுக்க அரசுக்குத் தெரியும். ஓட்டுநரின் தவறை நிரூபித்துவிட்ட குடும்பத்துக்கும் உறுதியான அடித்தளத் தொகை கிடைக்க வேண்டும் என்பதே இங்கே கேட்கப்படுவது.

ஆவணத்தின் ஆட்சி முதல் எண்ணோடு முடிவதில்லை, வழக்குத் தொடுக்கும் காலக்கெடுவிலும் அது இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த ஆறு மாதக் கெடுவை, பாமர மக்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்று 1994இல் நாடாளுமன்றமே நீக்கியது. 2019 திருத்தத்தில் அதே ஆறு மாதத்தை 166ஆம் பிரிவில் மீண்டும் சேர்த்து 2022 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. இந்த ஆறு மாதத்தில் குடும்பம் செய்ய வேண்டியவற்றைப் பாருங்கள்: கருமாதி முடிய வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாங்க வேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும், வழக்கறிஞரைப் பிடிக்க வேண்டும். நிறுவன ஊழியரின் குடும்பத்துக்கு இதில் பாதியை அலுவலகமே செய்துகொடுத்துவிடும். அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து திருப்பூரில் வேலை பார்த்தவரின் குடும்பத்துக்கு உடலை ஊருக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு நிலுவையில் இருக்க, கெடு தாண்டிவிட்டது என்ற காரணத்தால் மட்டும் மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

உண்மையில் அந்தக் கெடுவுக்குத் தேவையே இருக்கக் கூடாது. சட்டத்தின் 159ஆம் பிரிவின்படி காவல்துறை மூன்று மாதத்துக்குள் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 166ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி தீர்ப்பாயம் அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2022 விதிகளின்படி காப்பீட்டு நிறுவனம் தன் அதிகாரி வழியாக ஒரு தொகையைக் கணக்கிட்டு முன்வைக்கவும் வேண்டும். இது ஒழுங்காக நடந்தால் விதவை எந்தப் படியும் ஏறாமலே வழக்கு தொடங்கிவிடும். ஆனால் நிறுவனம் முன்வைக்கும் அந்தத் தொகையிலும் முதல் எண் ஒன்று இருக்கும், அதை முதலில் எழுதப்போவது பணம் கொடுக்க வேண்டிய தரப்பு. வழக்கை நீட்டிக்க வசதியில்லாத குடும்பம் லோக் அதாலத்தில் அந்தத் தொகைக்குச் சற்று மேலே ஏதோ ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டுவிடும். திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கணக்கிட்ட எந்தத் தொகையையும் தீர்ப்பாயம் பதிவு செய்யக் கூடாது, சமரசமாக இருந்தாலும் கூடாது என்று 2022 விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை; அந்த விதிகளை எழுதியது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், திருத்தும் அதிகாரமும் அதனிடமே இருக்கிறது.